பதிவிறக்கும் விரலுக்கும் பொறுப்பு உண்டு

புதுதில்லி: திரையரங்கில் ஓடும் படத்தின் அரை நிமிடக் காட்சியைச் செல்லிடப்பேசியில் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவோர் பலர், தாம் குற்றம் இழைப்பதாக எண்ணுவதே இல்லை. மறுபுறம், பாடத்திற்காக ஒரு விடியோவைக் கணினியில் சேமித்த மாணவர், சிறைக்குப் போக நேருமோ என்று அஞ்சுகிறார். சட்டத்தின் பார்வையில் இவ்விருவரில் அதிகம் அஞ்ச வேண்டியவர் முன்னவரே. ஆனால், அதை இருவருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்வார் இல்லை.

இந்தியாவில் பதிப்புரிமைக்கு அடிப்படையாக இருப்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். இணையம் பரவிய பிறகு அதற்கு ஈடுகொடுக்கும் வகையில் 2012 மே மாதத்தில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதைத் திருத்தின. திரைப்படப் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமத் தொகையில் பங்கு கிடைக்க வழி செய்த திருத்தம் என்றே அது பெரிதும் பேசப்பட்டது. இணையத்தைப் பயன்படுத்தும் சாமானியரைத் தொடும் பிரிவுகளும் அதில் இருந்தன என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

சட்டத்தின் 52-ஆவது பிரிவு, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. ஆராய்ச்சி உள்பட சொந்தப் பயன்பாட்டுக்காகவும், விமர்சனத்திற்காகவும், நடப்புச் செய்திகளைத் தெரிவிப்பதற்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாளலாம். இணையப் பக்கத்தைப் பார்க்கும்போது கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும் தற்காலிக நகலும் மீறல் அல்ல. மாற்றுத் திறனாளிகள் படிக்கவோ கேட்கவோ ஏற்ற வடிவில் படைப்புகளை மாற்றித் தருவதற்கும் 2012 திருத்தம் இடமளித்தது.

ஆனால், 'சொந்தப் பயன்பாடு' என்ற சொல் எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவி அல்ல. பயன்பாடு சொந்தமானதாக இருந்தால் மட்டும் போதாது. நியாயமானதாகவும் இருக்க வேண்டும். எது நியாயம் என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது, அதனால் உரிமையாளரின் வருவாய்க்கு என்ன பாதிப்பு என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றமே எடைபோட வேண்டியிருக்கிறது. கணினி மென்பொருளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதற்குத் தனி விதிகள் உள்ளன.

பார்ப்பதா, பரப்புவதா?

இந்தக் குழப்பம் 2016-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. நீதிமன்ற உத்தரவால் முடக்கப்பட்ட இணையதளங்களைத் திறந்தவர்களுக்கு, அவற்றின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றம் என்ற எச்சரிக்கை கணினித் திரையில் தோன்றியது. மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் இதைத் திருத்தினார். பார்ப்பது குற்றம் அல்ல. உரிமையாளருக்குப் பாதகமாக விநியோகிப்பது, பொது இடத்தில் திரையிடுவது, விற்பனைக்கோ வாடகைக்கோ விடுவது ஆகியவையே குற்றம் என அவர் விளக்கினார்.

தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள நகலகத்தின் மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கிலும் இதே ஆண்டில் தீர்ப்பு வந்தது. பாடத் தேவைக்காக நூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்குத் தருவது, கல்விக்காகச் சட்டம் தந்துள்ள விலக்கில் அடங்கும் என்று தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. பதிப்பகங்கள் 2017-இல் வழக்கைக் கைவிட்டன. உரிமையாளரின் நலனைப் போலவே பொதுமக்களின் கற்கும் வாய்ப்பும் சட்டத்தின் நோக்கமே என்பதை இத்தீர்ப்பு நினைவூட்டியது.

எனினும், இந்த இரு தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டு திருட்டுப் படத்தைத் தாராளமாகப் பதிவிறக்கலாம் என்று முடிவு கட்டுவது ஆபத்து. 'டோரண்ட்' முறையில் ஒரு கோப்பைப் பெறுபவரின் கணினி, தனக்கு வந்து சேர்ந்த பகுதிகளை அதே நேரத்தில் பிறருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெறுபவரே விநியோகிப்பவராகவும் ஆகிவிடுகிறார். குழுக்களில் படத்தைப் பகிர்பவரின் நிலையும் இதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, நிபந்தனைகளுடன் பாதுகாப்பு தருவது இடைநிலை நிறுவனங்களுக்குத்தான். கோப்பை ஏற்றிய தனிநபருக்கு அல்ல.

தண்டனை என்ன?

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால், 63-ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக ஆதாயத்திற்காகச் செய்யப்படாத மீறல் என்றால், உரிய காரணங்களைத் தீர்ப்பில் எழுதி நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். மீறும் நோக்குடன் டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டுகள் வரை சிறை. 63-ஆவது பிரிவுக் குற்றம், போலீஸார் நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடியது. ஜாமீனை உரிமையாகக் கோர முடியாதது என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

திரைப்படங்களைப் பொருத்தவரை பிடி மேலும் இறுகியுள்ளது. 2023 ஜூலையில் இரு அவைகளிலும் நிறைவேறிய ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம், திரையரங்கில் திருட்டு நகல் எடுக்கும் நோக்குடன் பதிவுக் கருவியைப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. முழுப் படம்தான் என்று இல்லை, ஒரு பகுதியும் இதில் அடங்கும். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டுகள் சிறை, அபராதம் ரூ.3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை செல்லும். திருட்டுப் படங்களால் திரைத்துறைக்கு ஆண்டுதோறும் ரூ.20 ஆயிரம் கோடி இழப்பு என்பது மத்திய அரசு முன்வைத்த வாதம்.

வலையின் அகலம்

தடை உத்தரவுகளின் வலை அளவுக்கு மீறி விரிந்ததும் உண்டு. '3', 'தம்மு' ஆகிய படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2012-இல் பெயர் குறிப்பிடப்படாத எதிர்மனுதாரர்களுக்கு எதிராகத் தடை விதித்தபோது, இணையச் சேவை நிறுவனங்கள் முழு இணையதளங்களையே முடக்கின. படைப்பாளிகள் தம் சொந்த விடியோக்களை வைத்திருந்த தளமும் அதில் சிக்கியது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் விளக்க வேண்டி வந்தது. மாறாக, முடக்கப்பட்ட திருட்டுத் தளங்கள் பெயரை மாற்றி மீண்டும் முளைத்தால், புதிய வழக்கு இன்றியே அவற்றையும் தடை உத்தரவில் சேர்க்க 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் வழி செய்தது.

இந்நிலையில், சாமானியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. இந்தப் பதிவு முறையான இடத்திலிருந்து வந்ததா? இதை நான் வைத்துக்கொள்ளப் போகிறேனா, பரப்பப் போகிறேனா? இதனால் படைத்தவருக்குச் சேர வேண்டிய பணம் தடைபடுகிறதா? பார்வையாளர் பதிவிறக்கிக்கொள்ள உரிமையாளரே அனுமதித்த படைப்புகள் ஏராளம். வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கடந்த திரைப்படங்களின் பதிப்புரிமையும் காலாவதியாகிவிடுகிறது. 1960-இல் வெளியான படத்துக்கு அது 2020-உடன் முடிந்தது. ஆயினும், அதில் உள்ள பாடல் வரிகளுக்கு, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை தனி உரிமை உண்டு.

நாடாளுமன்றத்தின் பொறுப்பும் இதில் குறைந்ததல்ல. தண்டனையை எண்களில் துல்லியமாக எழுதிய சட்டம், நியாயமான சொந்தப் பயன்பாடு எதுவரை என்பதை மட்டும் நீதிபதியின் மனத்துக்கு விட்டுவைத்துள்ளது. ஆயிரக்கணக்கில் நகலெடுத்து விற்கும் கும்பலும், காசு பாராமல் ஒரு கோப்பை அனுப்பிய கல்லூரி மாணவரும் ஒரே பிரிவின்கீழ் காவல் நிலையப் படியேறும் நிலை உள்ளது. இருவருக்கும் உள்ள வேறுபாடு தீர்ப்பு நாளில்தான் தெரியவரும் என்றால், அதற்குள் மாணவரின் படிப்பு முடங்கிப்போயிருக்கும். அந்த வேறுபாடு சட்டத்தின் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். அதுவரை, அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் யோசிப்பதே ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு.