புதிய ஆற்றுப்படை: கல்முனைக் கரையும் பயணிகள் தகவல் நிலையமும்

வள்ளலை நாடிச் செல்லும் கூத்தருக்கும் பாணருக்கும், முன்னரே சென்று மீண்ட ஒருவர் வழி கூறுவது ஆற்றுப்படை. அவ்வகையில் அமைந்த மலைபடுகடாம் நன்னனைப் புகழ்வதோடு அமையாது, வழியில் எங்குத் தங்கலாம், எவ்வுணவு கிடைக்கும், எவ்விடத்து ஏதம் உண்டு என்பனவற்றையும் விரித்துரைக்கின்றது. இக்காலத்துப் பயணிகள் தகவல் நிலையத்தின் பணியும் ஏறக்குறைய இதுவேயாம். வேறுபாடு ஒன்றுண்டு: அன்று சென்று மீண்டவன் சொன்னதை இன்று அவ்வூரவனே சொல்லவேண்டும்.

ஊரவரே கூடி இப்பணியை மேற்கொண்டமைக்குப் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரில் 1889 இல் தோன்றிய சங்கம் ஒரு முன்மாதிரியாகும். இலங்கையில் 1937 இல் அரசாங்கம் உல்லாசப் பயணப் பணியகம் ஒன்றை நிறுவியது. போர்க்காலத்தில் மூடப்பட்ட அது 1948 இல் மீண்டும் இயங்கியது. 1966 இல் சட்டத்தின் வழி உல்லாசப் பயணச் சபை தோன்றிற்று. தலைநகரில் இருப்போர் நாடு முழுமைக்கும் பொதுவானவற்றைச் சொல்லுதல் கூடும். ஓர் ஊரின் உள்ளியல்பை அவர் அறிந்திருத்தல் அரிது.

கல்முனைக் கரையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புவரை புகைவண்டியில் வந்து அறுகம்குடாவை நோக்கிப் பேருந்தில் தெற்கே செல்லும் பயணி, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கின்றான். கடைத்தெருக்களும் பள்ளிவாசல் மினாராக்களும் சாளரத்தின் ஊடே ஓடி மறைகின்றன. மருதமுனையில் தறியின் ஒலி இன்னும் கேட்கின்றதென்பதை அவனுக்கு யார் சொல்வார்? அங்கு நெய்யும் சாரத்தையும் சேலையையும் நெய்தவரிடமே வாங்கினால் விலையிற் பெரும்பகுதி அவர் கையிலேயே தங்கும். தகவலின் பயன் இவ்விடத்து உணவும் உடையுமாக மாறுகின்றது.

அச்சிட்ட வழிகாட்டி நூல் இங்குப் பெரிதும் தவறிவிடுகின்றது. நாகூரில் அடக்கமான ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக அமைந்த கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நிகழும். அது ஜமாதுல் ஆகிர் மாதத்துக்கு உரியது. பிறைக்கணக்கில் ஆண்டு ஏறக்குறைய பதினொரு நாள் குறைவாதலின், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் முன்னே நகரும். நோன்பு மாதமும் அவ்வாறே. நோன்புக்காலப் பகலில் உணவகம் தேடி அலைபவனுக்கும், வெள்ளிக்கிழமை நண்பகலில் மூடிய கடைகளின்முன் திகைத்து நிற்பவனுக்கும் பழைய நூல் உதவாது. அவ்வாண்டின் பிறையை அறிந்த ஊரவர் ஒருவர் உதவுவர். பள்ளிவாசலுக்குள் செல்லுமுன் காலணி கழற்றுக, உடல் மறைய உடுத்துக என்பதனையும் அவரே முகங்கோணாமற் சொல்ல வல்லவர். சொல்லாதவிடத்துப் பயணி அறியாமற் பிழைசெய்வான். ஊரவர் மனம் நோவர்.

அவர் தம் ஊரை மட்டும் அறிந்தாற் போதாது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதிப்பும், யாழ் நூல் இயற்றிய சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த காரைதீவும் அதே வீதியில் உள்ளன. இந்து ஆலயத்தைப் பற்றி முஸ்லிம் ஒருவரும், பள்ளிவாசலைப் பற்றி இந்து ஒருவரும் பிழையின்றிச் சொல்லக்கூடிய மேசை ஒன்று இக்கரைக்கு வேண்டும்.

காலமும் அத்தகையதே. ஆனி, ஆடியில் தென்மேற்குக் கரை மழையில் நனைந்திருக்க, இங்கே கச்சான் காற்று வறண்டு வீசும், வெயில் தெளிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழையும் வரும், கடல் சீறும். கொழும்பின் வானத்தைக் கண்டு கிழக்கின் வானத்தை முடிவுசெய்து பயணத்தைக் கைவிடுவோர் பலர்.

ஏதம் உரைத்தலே ஆற்றுப்படையின் தலையாய கடமை எனின், அதற்கு இக்கரையில் தனிக் காரணமுண்டு. 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டவர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அதில் அடங்கும். ஊரவருக்கு ஓடும் திசை தெரியும். முந்தியநாள் மாலை வந்திறங்கிய விருந்தினனுக்குத் தெரியாது. கடல் பின்வாங்கினால் நின்று பாராது மேற்கே செல்க என்பதும், காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறை வழியே அம்பாறைக்குச் செல்லும் வீதி உள்நாட்டை நோக்கிப் போகின்றதென்பதும் அந்நிலையத்தின் முகப்பில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், தறியையும் விழாவையும் பற்றிய செய்திகளுக்கு மேலே எழுதப்படவேண்டியவை.