மாத்திரை இல்லாத மாற்றுச் சிறுநீரகம்

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மருந்துகள் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்துவிட்டன. நல்ல மையங்களில் இன்று பொருத்தப்படும் சிறுநீரகங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டிவிடுகின்றன. ஆனால் அதற்கான விலையை நோயாளி ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்கிறார். இந்த மருந்துகளில் ஒன்றான டாக்ரோலிமஸ், காக்க வேண்டிய சிறுநீரகத்தையே நாளடைவில் சேதப்படுத்தக்கூடியது. சர்க்கரை நோயையும் கொண்டுவரலாம். எதிர்ப்புச் சக்தியை இத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்தால் தொற்றும் சில வகைப் புற்றுநோய்களும் எளிதில் வருகின்றன. ஆகவே செல் சிகிச்சை என்று ஒன்று வரும்போது, ‘முதல் ஆண்டில் நிராகரிப்பு எத்தனை சதவீதம் குறைந்தது?’ என்று கேட்பது பொருத்தமான கேள்வி அல்ல. அந்த வேலையை மாத்திரையே செய்துவிடுகிறது. மாத்திரையை எவ்வளவு குறைக்க முடிந்தது, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த ஆபத்தை ஏற்று என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால், 2020இல் லான்செட் இதழில் வந்த ‘ஒன் ஸ்டடி’ முடிவுகள் வேறு மாதிரி தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல மையங்கள் சேர்ந்து, உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகத்தைப் பெற்ற 104 பேரைப் பின்தொடர்ந்தன. 66 பேருக்கு வழக்கமான மருந்து. 38 பேருக்கு மருந்தோடு, எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுப்படுத்தும் செல்களும் தரப்பட்டன. அந்தச் செல்களில் ஒரு வகை ரெகுலேட்டரி டி-செல். சண்டைக்கு எழுபவனைத் தோளில் கைவைத்து உட்கார வைக்கும் ஊர்ப் பெரியவரைப் போல, மற்ற டி-செல்களை அடக்குவது அதன் இயல்பு. இதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சிக்கு 2025இல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டனில் நடந்த பகுதியில், நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து இந்தச் செல்களைப் பிரித்து, தூய அறையில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கி, அறுவை முடிந்த ஐந்தாம் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை நரம்பு வழியே செலுத்தினார்கள். நிராகரிப்பு, மருந்துக் குழுவில் 12 சதவீதம், செல் குழுவில் 16 சதவீதம். இதை மட்டும் பார்ப்பவர் ‘பயனில்லை’ என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் செல் பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேரால் ஒரே மருந்தோடு நின்றுகொள்ள முடிந்தது. வைரஸ் தொற்றும் அவர்களிடம் குறைவு. 38 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு பாதை துணிச்சலானது. கொடையாளரின் ரத்த அணுக்களை நோயாளியின் உடம்பிலேயே குடியேற்றிவிட்டால், அந்தச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாக நினைக்காது. இந்த எண்ணம் 1953இல் பீட்டர் மெடாவரும் கூட்டாளிகளும் எலிகளில் காட்டிய உண்மையிலிருந்து வந்தது. மனிதரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வகுத்த முறை இப்படிப் போகிறது: சிறுநீரகம் பொருத்தியபின் நிணநீர் உறுப்புகளுக்குப் பத்துத் தவணைகளாகச் சிறிய அளவில் கதிர்வீச்சு, கூடவே டி-செல்களைக் குறைக்கும் மருந்து, பதினோராம் நாள் கொடையாளரின் ஸ்டெம் செல்லும் குறித்த அளவு டி-செல்லும். பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஓராண்டு வாக்கில் முற்றிலும் நிறுத்துகிறார்கள். எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம் முழுமையாகப் பொருந்திய உடன்பிறந்தோரிடையே நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், இப்படிச் சிகிச்சை பெற்ற 20 பேரில் 15 பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்த மருந்தும் இல்லாமல் இருந்தார்கள்.

இதற்கு எழும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பின் சிறுநீரகம் எப்படியும் நன்றாகவே ஓடும். அதைப் பெறுபவருக்கு ஏன் கதிர்வீச்சு? உடன்பிறந்த ஒருவர் அப்படிப் பொருந்தும் வாய்ப்போ நான்கில் ஒன்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். முயற்சி பலிக்காவிட்டால் பழைய மாத்திரைக்குத் திரும்பலாம். சிறுநீரகம் கையைவிட்டுப் போகும் அபாயம் குறைவு. பொருத்தமில்லாதவர்களிடம் அந்தத் திரும்பும் வழி குறுகலானது. லூயிவில்லிலும் சிகாகோவிலும் வளர்ந்த முறையில், முந்தைய சோதனையில் 37 பேரில் 26 பேரால் மருந்தை விட முடிந்தது. அது பிரமிக்க வைத்த முடிவு. ஆனால் குடியேறிய செல்கள் உடம்பையே திருப்பித் தாக்கும் நோய் சிலருக்கு வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அடுத்த கட்டச் சோதனையை நடத்திய நிறுவனம், ஆட்கள் சேர்வது மெதுவாக இருப்பதைக் காரணம் காட்டி 2023இல் நிறுத்திக்கொண்டது. ரத்தப் புற்றுநோயாளிக்கு இந்த ஆபத்து ஏற்கத்தக்கதாக இருக்கலாம். மாத்திரையோடு வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம் அதை ஏற்கச் சொல்வது வேறு விஷயம்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெறுபவருக்கு இதெல்லாம் எப்படி உதவும் என்பது அடுத்த கேள்வி. 2008 முதல் அந்தத் தானத்தை அரசுத் திட்டமாக நடத்திவரும் தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. உறுப்பு எந்த இரவில் வரும் என்று தெரியாதபோது, கொடையாளரின் ஸ்டெம் செல்லை முன்கூட்டித் திட்டமிட முடியாது. ரெகுலேட்டரி செல்லோ நோயாளியின் சொந்த ரத்தத்தில் இருக்கிறது; வளர்த்து உறையவைத்து, மாற்று முடிந்து சில மாதம் கழித்தும் செலுத்தலாம். பலன் சிறியதானாலும் இந்தப் பாதைதான் அதிகம் பேருக்குத் திறக்கும். செலவு பெரிதுதான், ஆனால் ஆயுள் முழுக்க வாங்கும் மாத்திரையின் விலையையும் அது கெடுக்கும் சிறுநீரகத்தின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

காலம்தான் மிச்சமுள்ள கவலை. பாஸ்டனில் பொருத்தம் குறைந்த கொடையாளரின் சிறுநீரகத்தோடு மஜ்ஜையும் பெற்ற பத்துப் பேரில் ஏழு பேர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் மருந்தின்றி இருந்தார்கள். அவர்களில் மூவர் ஐந்தாம் ஆண்டுக்கும் எட்டாம் ஆண்டுக்கும் இடையில் மருந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டு முடிவை வைத்து ‘குணமாகிவிட்டது’ என்று யாரும் விளம்பரம் செய்யக்கூடாது. இந்தச் சோதனைகளில் சேர்பவரின் ஒப்புதல் படிவத்தில் அந்த மூவரின் கதை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சோதனையை நடத்துபவர் அதை நிறுத்திவிட்டாலும் பத்தாண்டுக்குச் சேர்ந்தவரைப் பின்தொடரும் செலவு தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.