முதுசமாக வந்த துப்பாக்கியின் பெறுமதி

நுவரெலியாவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மைத் தேடி வந்தார். பெரிய கிளாக்கராயிருந்த அவர் தந்தையார் காலமாகிச் சில திங்கள் கழிந்திருந்தன. 1975ஆம் ஆண்டில் கும்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது தாய்நாடு திரும்பிய துரை ஒருவர் விட்டுச்சென்ற நீண்ட ரைபிள் ஒன்று முதுசமாக எஞ்சியிருந்தது. அது நூற்றெழுபது ஆண்டுப் பழமையது, பல இலட்சம் பெறும் என்பது வீட்டார் துணிபு. தங்கையின் திருமணச் செலவுக்கு அதனையே நம்பியிருந்தனர்.

தமிழாசிரியரிடம் துப்பாக்கிக்கு விலை கேட்பது விந்தையே. ஆயினும் ஏட்டுச் சுவடியின் காலத்தைக் கணிக்கும் முறைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. ஆதலின் நாம் தேடி அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

உரியவர் அளவு சொல்லிச் செய்வித்த துப்பாக்கிகள் மலைநாட்டிற்குப் புதியன அல்ல. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், தாமே வகுத்த அளவின்படி 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக் கொண்டு ரைபிளொன்று செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டின் நிறை 3 அவுன்சு. ஹோட்டன் சமவெளியில் அவர் பெயரால் வழங்கும் அருவியை அன்பர்கள் கண்டிருப்பர்.

நம் மாணவர் வீட்டாரும் தங்கள் ரைபிளை அக்காலத்ததென்றே கொண்டனர். குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டு இடித்து, கேப்பு வைத்து, குதிரை விழ வெடிக்கும் அமைப்பினது அது. உருவம் பழையதே. ஆனால், பழம்பாணியில் புதிதாகச் செய்வித்துக்கொள்ளும் ஆசை சென்ற நூற்றாண்டுச் சீமான்களுக்கும் இருந்தது. உருவத்தைக் கண்டு காலத்தைத் துணிதல் கூடாது. முத்திரையைக் காணல் வேண்டும்.

இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் துப்பாக்கிக் குழல் ஒவ்வொன்றும் மிகுதியான மருந்திட்டு வெடித்துச் சோதிக்கப்பட்டு முத்திரை பெறும். பேர்மிங்ஹாம் நகரத்துச் சோதனைச் சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பெற்றது. குறுக்கிட்ட இரு செங்கோல்களும் முடியும் அதன் பழைய முத்திரை. 1904இன் பின்னரோ முடியின் கீழ் ‘பீ, பீ’ என்றும் ‘பீ, வீ’ என்றும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டன. மாணவர் கொணர்ந்த படத்தில் நாம் கண்டவை பிந்திய எழுத்துகளே. பழைய குழலைப் பின்னாளில் மறுசோதனை செய்திருந்தால் முந்திய முத்திரையும் அருகே எஞ்சியிருத்தல் வேண்டும். அது காணப்படவில்லை. ஆகவே துப்பாக்கி பேக்கர் காலத்ததன்று.

மாணவரின் முகம் வாடியது. அத்துடன் பெறுமதி அற்றுப்போயிற்று என்று எண்ணுதலும் தவறு. கைவேலைக்கு என்றும் விலையுண்டு. பூட்டின்மேற் செதுக்கிய கொடிவேலை, வாதுமைக் கட்டையின் நெளிவரி, குழலினுள் வெட்டிய சுழல்வரிகளின் கூர்மை ஆகியன நோக்கற்பாலன. ஆனால் செய்வித்தவர் கொடுத்த கூலி விற்போருக்கு மீள்வதரிது. அந்தத் துரை நெடிய மேனியர், இடக்கையர் போலும்! கட்டை அவர் தோளுக்கும் கன்னத்துக்கும் இசையச் செதுக்கப்பட்டிருந்தது. சட்டை தைப்பித்தவருக்குப் பொருந்துவது பிறருக்குப் பொருந்துமா? வாங்குவோர் தொகை அங்கேயே சுருங்கிவிடுகின்றது.

இன்னொரு கேடு, பற்றினால் விளைந்தது. மூத்தவர் கறளைப் போக்குவதாக எண்ணி உப்புத்தாளால் குழலைத் தேய்த்திருந்தார். பழுப்பு மெருகு போயிற்று. முத்திரை ஒன்று பாதி மழுங்கிற்று. மெல்லிய எண்ணெய்த் துணிக்கு மேல் எதுவும் படலாகாது.

இனி, வரலாறு. கண்டி அரசனுக்கு லெவ்கே திசாவை அளித்த பொன், வெள்ளி, மாணிக்கம் இழைத்த சிறு பீரங்கி 1765இல் ஒல்லாந்தரால் கவரப்பட்டது. அது வந்த வழி ஆராய்ந்து நிறுவப்பட்டமையாலேயே 2023இல் நம் நாட்டிற்கு மீண்டது. நம் மாணவருடைய துப்பாக்கியிலோ பித்தளைத் தட்டில் மூன்று முதலெழுத்துகளும், குழலில் செய்தோரின் பெயரும் தொடரிலக்கமும் உள்ளன. ஆங்கில நாட்டுப் பழைய துப்பாக்கி நிலையங்கள் பல தங்கள் பேரேடுகளை இன்றும் பேணுகின்றன. இலக்கத்தைத் தந்தால் செய்த ஆண்டும் செய்வித்தவர் பெயரும் கிடைத்தல் கூடும். துரை கைப்பட எழுதிய ஒரு துண்டுக் கடிதம் இருந்தாலும் வீட்டார் சொல்லும் கதை சான்றாக மாறும்.

இலண்டன் ஏலத் தொகைகளைக் கண்டு மயங்குவோர் பலர். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற விலையிலும் ஏலக்காரர் தரகு கழியும். அதனினும் பெரிது, 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். உரிமப் பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. தந்தையின் பத்திரம் மகனுக்குச் செல்லாது. பத்திரமின்றி விற்பதென்ன, வீட்டில் வைத்திருத்தலே குற்றம். அயலூரார் ஒருவர் இரகசியமாக ஒரு தொகை பேசியிருந்தார் என்று மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றே பொலிசு நிலையத்திற்குச் சென்று அறிவிக்குமாறு பணித்தோம்.

அறிவித்ததும் அதிகாரி ஒருவர் வீட்டிற்கே வந்தார். மரக்கோலொன்றைக் குழலினுள் மெல்ல இறக்கி, வெளியே வைத்தும் அளந்தார். கோல் அடிவரை செல்லாது மூன்று விரற்கிடை மேலே நின்றது. உள்ளே மருந்தும் குண்டும் இருந்தன! தந்தையார் கையில் வந்த நாளிலிருந்தே இருந்தனவோ, யாரறிவார். அக்குழலைத்தான் மூத்தவர் மடியில் கிடத்தித் தேய்த்திருக்கிறார்; பேரப்பிள்ளைகள் குதிரையை இழுத்து விளையாடியிருக்கின்றனர்.

துப்பாக்கி இப்போது நிலையக் காப்பில் உள்ளது. உரிமத்திற்கு விண்ணப்பம் போயிருக்கின்றது. செய்தோருக்கு எழுதிய கடிதத்திற்கு இன்னும் மறுமொழி வரவில்லை. தங்கையின் திருமணம் தையில் எளிய முறையில் நடந்தேறியது; நாமும் சென்றிருந்தோம்.