கம்ப்யூட்டருக்கே தெரியாத ரகசியம்!

ஒரு விடுகதை. கையில் பிடிக்க முடியாத சாவி. தொலைந்தால் தெருவில் தேட முடியாது. அது என்ன?

பாஸ்வேர்டுதான்! கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள். திரையில் ஒரு சின்னக் கட்டம் பாஸ்வேர்டு கேட்கிறது. தலையைச் சொறிந்தாலும் ஞாபகம் வரவில்லை. பள்ளி புராஜெக்ட், திருவிழா போட்டோ எல்லாம் உள்ளே, நாம் வெளியே!

'கம்ப்யூட்டரில்தானே பதிந்து வைத்தோம்; அதனிடமே கேட்டு வாங்கலாமே' என்று தோன்றும். வேடிக்கை என்னவென்றால், உங்கள் பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்கே தெரியாது!

ஏன் அப்படி?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1961ல், பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உருவாக்கியது. ஒருவரின் ஃபைலை இன்னொருவர் பார்க்காமலிருக்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு தந்தார்கள்.

ஆனால், எல்லாருடைய பாஸ்வேர்டும் அப்படியே ஒரு ஃபைலில் இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைத்தது, போதவில்லை. 1962ல், அந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி கம்ப்யூட்டருக்கே உத்தரவு கொடுத்தார். மொத்தப் பட்டியலும் அச்சாகி வந்துவிட்டது!

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பது ஆபத்து என்பது புரிகிறதல்லவா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீடாம், 1960களிலேயே இதற்கு ஒரு வழி கண்டார். அதை மாவு மில்லை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அரிசியை அரைத்தால் மாவு வரும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா? முடியாது! கம்ப்யூட்டரும் உங்கள் பாஸ்வேர்டை ஒரு கணக்கில் போட்டு 'அரைத்து', வந்த 'மாவை' மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுநாள் நீங்கள் டைப் செய்வதையும் அதேபோல அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றானால் கதவு திறக்கும். ஓர் எழுத்து மாறினாலும் மாவே வேறாகிவிடும்! இதற்கு 'ஹாஷிங்' என்று பெயர்.

அதனால்தான் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு வாங்க முடிவதில்லை. புதிய பாஸ்வேர்டு வைப்பதுதான் வழி.

மறந்துவிட்டால் என்ன செய்வது?

* முதலில் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா? நம்பர் லாக் அணைந்திருக்கிறதா? மொழி தமிழுக்கு மாறியிருக்கிறதா? சில நேரம் பாஸ்வேர்டு மறப்பதில்லை, விரல்தான் ஏமாற்றுகிறது!

* விண்டோஸ் 10, 11ல் தவறாக டைப் செய்தால், புதிய பாஸ்வேர்டு வைக்கும் வழி கீழே தோன்றும். முன்பே பதிந்த ரகசியக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும். மைக்ரோசாப்ட் கணக்கு என்றால், பதிந்த போனுக்கோ மெயிலுக்கோ ஒரு ரகசிய எண் வரும்.

* அதே கம்ப்யூட்டரில் அப்பா அல்லது அம்மாவின் கணக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக இருந்தால், அதன் வழியாக உங்களுக்குப் புதிய பாஸ்வேர்டு வைத்துத் தரலாம். பள்ளிக் கம்ப்யூட்டர் என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

* எதுவும் பலிக்கவில்லையென்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவதுதான் கடைசி வழி. கம்ப்யூட்டர் திரும்பக் கிடைக்கும். வேறெங்கும் நகல் இல்லாத போட்டோ திரும்பாது!

22 கோடி டாலர் போச்சு!

சில பூட்டுகள் இன்னும் பொல்லாதவை. உள்ளே இருப்பதையே புரியாத எழுத்துகளாக மாற்றிவிடும். அமெரிக்காவில் வசித்த ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமர், 7,002 பிட்காயின்களின் சாவியை அப்படிப்பட்ட ஒரு கருவிக்குள் வைத்திருந்தார். பிட்காயின் என்பது கம்ப்யூட்டரில் மட்டுமே புழங்கும் பணம். பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்துவிட்டது! 10 முறை தவறினால் கருவி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 8 முறை முயன்று தோற்றுவிட்டார் என்று 2021ல் செய்தி வந்தது. அன்று அந்தப் பணத்தின் மதிப்பு சுமார் 22 கோடி டாலர்!

விண்டோஸிலும் 'பிட்லாக்கர்' என்ற இப்படிப்பட்ட பூட்டு உண்டு. அதைத் திறக்க உதவும் 48 இலக்க மீட்பு எண்ணை, பெரியவர்களிடம் சொல்லி இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்றே செய்யுங்கள்!

பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, வீட்டு பீரோவில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். கீபோர்டுக்கு அடியில் வேண்டாம்! பிறந்த தேதியும் பெயரும் வேண்டாம், யாரும் ஊகித்துவிடுவார்கள். 'ஏழு கிளி முருங்கை சைக்கிள்' போல, சம்பந்தமில்லாத நாலு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. இதையே வைத்துவிடாதீர்கள்; பேப்பர் படித்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே!

முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் பாஸ்வேர்டு மறந்தாலும், புராஜெக்ட்டும் போட்டோவும் உங்கள் கையில் பத்திரமாக இருக்கும். சரிதானே?