கைத்தொலைபேசியில் அமல் கணக்கு

சுபஹு முதல் இஷா வரை ஐவேளைத் தொழுகையையும், ஓதிய குர்ஆன் பக்கங்களையும், திக்ரையும் குறித்துவைக்கும் செயலிகள் இன்று முஸ்லிம் இல்லங்கள் பலவற்றிற் புகுந்துவிட்டன. தஸ்பீஹ் மணி உருட்டிய விரல் திரையைத் தொடுகிறது. அதில் நாம் குறைகாணவில்லை. தன்னைத் தானே கணக்கெடுக்கும் 'முஹாஸபா' முன்னோர் போற்றிய வழக்கமேயாம்.

ஆயினும் சகோதரிகள் கவனிக்கவேண்டியதொன்றுண்டு. இடைவிடாது தொழுத நாட்களை எண்ணிப் பதக்கம் வழங்கும் செயலி, மாதவிலக்கு நாட்களைத் 'தவறியவை' எனக் காட்டுமாயின், மார்க்கம் சுமத்தாத குற்றத்தை அது சுமத்துகிறது. அந்நாட்களில் விடுபட்ட தொழுகையைக் கழாச் செய்யவேண்டியதில்லை. றமழான் நோன்பையே கழாச் செய்யவேண்டும். ஆயிஷா நாயகி (றழி) அவர்களும் தமது கழா நோன்புகளை ஷஃபான் மாதத்திலேயே நோற்க முடிந்ததென அறிவித்திருக்கிறார்கள்.

விலக்கு நாட்களைத் தனியே குறிக்க இடந்தரும் செயலிகளும் உள்ளன. அவற்றையே தெரிந்தெடுத்தல் நன்று. நோற்கவேண்டிய நோன்பின் தொகையையும் அதிற் பதிந்துவைத்தால், அடுத்த றமழானுக்கு முன் கடன் தீர்க்கப் பேருதவியாகும்.

பிள்ளைகளின் கணக்கை மாலைதோறும் பார்வையிடும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. மகளின் கட்டங்கள் சில நாள் வெறுமையாயிருப்பின் காரணம் வினவாது விடுவீராக. அவளுடைய தாயார் அறிவார்.