ஒரு பிட் பிசகினால்

கணினியின் நினைவகத்தை லினக்ஸ் கெர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்து நிர்வகிக்கிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். 16 ஜிபி நினைவகத்தில் ஏறக்குறைய 42 லட்சம் பக்கங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 64 பைட் அளவில் ஒரு குறிப்பு இருக்கிறது.

அந்தக் குறிப்பின் முதல் எண்ணில்தான் கொடிகள் இருக்கின்றன. ஒரு கொடி என்பது ஒரே ஒரு பிட். 'லாக்ட்' பிட் 1 என்றால் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது. 'டர்ட்டி' பிட் 1 என்றால், மாற்றி எழுதியது இன்னும் வட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

கொடிகளில் பிழை இரண்டு வழிகளில் நுழையும். முதலாவது, போட்டி. ஒரே எண்ணை இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் தொடுகின்றன. முதல் செயலி 'டர்ட்டி' கொடியை ஏற்றுவதற்காக எண்ணைப் படிக்கிறது. அதற்குள் இரண்டாவது செயலி பூட்டைத் திறந்துவிடுகிறது. முதல் செயலியோ, தான் முன்பு படித்த பழைய மதிப்பில் 'டர்ட்டி'யைச் சேர்த்து எழுதிவிடுகிறது. திறந்த பூட்டு மறுபடி விழுந்துவிட்டது. இனி அதைத் திறக்க யாரும் இல்லை. அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கும் நிரல் அப்படியே உறைந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு, படிப்பது, மாற்றுவது, எழுதுவது மூன்றையும் இடையில் யாரும் புக முடியாத ஒரே செயலாக்குவது. இதற்கு நேரம் கூடுதலாகச் செலவாகும். அதனால், வேறு யார் கண்ணிலும் இன்னும் படாத புதுப் பக்கத்துக்கு மட்டும் சாதாரண முறை போதும். அந்தச் சாதாரண முறையில் கொடியை மாற்றும் சார்புகளின் (function) பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடுகள் இட்டிருப்பார்கள். பிழை தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது, மிச்சம்: பழைய கொடி இறங்காமல் தங்கிவிடுவது. பயன்பாடு முடிந்து பக்கம் திரும்பி வரும்போது, பக்கங்களைப் பங்கிட்டுத் தரும் கெர்னலின் 'ஒதுக்கி' (allocator) பழைய கொடிகளை இறக்கிவிடுகிறது. இதைச் சரிபார்க்கும் சோதனை இயங்கும்போது, பூட்டுடனேயே ஒரு பக்கம் வந்தால் 'பேட் பேஜ் ஸ்டேட்' என்று பதிவேட்டில் எச்சரித்து, அதை மறுபடி யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கிறது.

மிச்சம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2022இல் மேக்ஸ் கெல்லர்மன் வெளிப்படுத்திய 'டர்ட்டி பைப்' என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை காட்டியது. அங்கே சுத்தமாகாமல் கிடந்தது பக்கத்தின் கொடி அல்ல, நிரல்களுக்கு இடையே தரவைக் கடத்தும் பைப்பின் இடையகத்தில் (buffer) உள்ள கொடி. அந்த ஒரு பிட்டை வைத்து, படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது. இரண்டு சார்புகளில் கொடியைப் பூஜ்யமாக்கும் ஒவ்வொரு வரி சேர்த்ததும் ஓட்டை அடைபட்டது.

திருத்தம் சிறியது, அதைக் கண்டுபிடிக்கும் உழைப்பு பெரியது. ஒவ்வொரு கொடிக்கும் யார் ஏற்றுகிறார், யார் இறக்குகிறார், அந்த நொடியில் வேறு யார் பார்க்கிறார் என்று கேட்டு விடை காண்பவரே நம் தரவைக் காக்கிறார்.