விலை இறங்கியது, பங்கு மலிந்ததா?

சொகுசுக் கப்பல் சுற்றுலா நடத்தும் அமெரிக்க நிறுவனம் கார்னிவல். அதன் பங்கு 2019 நவம்பர் முடிவில் சுமார் 45 டாலர். 2024 நவம்பர் முடிவில் சுமார் 25 டாலர். பாதிக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் மலிவாகிவிட்டது என்றுதானே தோன்றுகிறது?

இல்லை. பி.இ. விகிதத்தைப் (பங்கின் விலையை, ஒரு பங்குக்கான ஓராண்டு லாபத்தால் வகுத்தால் வரும் எண்) பாருங்கள். 2019 நிதியாண்டில் ஒரு பங்குக்கு லாபம் 4.32 டாலர், விகிதம் 10 சொச்சம். 2024இல் லாபம் 1.44 டாலர்தான், விகிதம் 17ஐத் தாண்டிவிட்டது. முன்பு ஒரு டாலர் லாபத்துக்குப் பத்து டாலர் கொடுத்தவர், 2024இல் பதினேழு கொடுத்தார்.

லாபம் ஏன் இப்படிச் சுருங்கியது? 2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றன. நின்ற கப்பலுக்கும் பராமரிப்பும் வட்டியும் உண்டு. அந்த நிதியாண்டில் மட்டும் நஷ்டம் 1,000 கோடி டாலருக்கு மேல். தாக்குப்பிடிக்கக் கடன் வாங்கினார்கள், புதுப் பங்குகளையும் விற்றார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மொத்த லாபம் சுமார் 300 கோடி டாலரிலிருந்து 190 கோடியாகத்தான் குறைந்தது. ஆனால் லாபக் கணக்கில் சேரும் பங்குகள் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டன. பானையில் சோறு குறைந்த நேரத்தில், பந்தியில் இலைகள் இரட்டித்தன. எனவே பழைய 45 டாலரை மனத்தில் வைத்து "அங்கே திரும்பிவிடும்" என்று வாங்காதீர்கள். பங்குகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் முதலில் பாருங்கள்.

பங்கு விவரப் பட்டியல்களில் இடையில் சில ஆண்டுகளுக்கு விகிதமே காட்டவில்லையே? 2020 முதல் 2023 வரை நான்கு நிதியாண்டும் நஷ்டம். லாபம் இல்லாவிட்டால் இந்த விகிதத்துக்குப் பொருளில்லை; அதனால் கோடு போட்டு விட்டுவிடுவார்கள். யாராவது "ஐந்தாண்டுச் சராசரி பி.இ." என்று சொன்னால், எந்தெந்த ஆண்டுகளைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். மோசமான ஆண்டுகள் விடுபட்ட சராசரியை நான் நம்பமாட்டேன்.

விகிதம் குறைவாக இருந்தால் பாதுகாப்பா? 2019இல் 10தான் இருந்தது. 2020 ஏப்ரலில் பங்கு 10 டாலருக்கும் கீழே போனது.

கடனையும் பாருங்கள். 2019இல் சுமார் 1,150 கோடி டாலர். 2024 முடிவில் சுமார் 2,750 கோடி. வட்டி போன மிச்சம்தான் லாபம். கடன் அடைய அடைய வட்டி குறையும், லாபம் கூடும். விலை அசையாமலே விகிதம் இறங்கும்.